பழைய போட்டோவைக் காட்டி மிரட்டுகிறாரா? முதல் ரூபாயைக் கொடுக்காதீர்கள்!

2018-ல் வந்த '96' படத்தில், 22 வருடம் கழித்து ரீயூனியனில் ஜானுவைச் சந்திக்கும் ராம், கடைசியில் அவரைக் கண்ணியமாக வழியனுப்பி வைப்பார். தியேட்டரில் அழுதுவிட்டு வந்தோம். நிஜத்தில் எல்லோரும் ராம் இல்லை என்பதுதான் இந்த வாரப் பிரச்னை.

அவருக்கு 45 வயது என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து நம்பர் எடுத்து, 'நல்லா இருக்கியா?' என்று ஒரு மெசேஜ் வருகிறது. பத்து நாள் நலவிசாரிப்பு. பிறகு, 19 வயதில் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ. அடுத்து, 'அவசரமா 20,000 வேணும். உன் வீட்டுக்காரர் நம்பரும் என்கிட்ட இருக்கு.'

இந்த இடத்தில் பலரும் யாருக்கும் தெரியாமல் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். இதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால், பணம் போன அன்றே 'இவர் பயப்படுவார்' என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் தொகை கூடும்.

குற்றம் யாருடையது?

திருமணத்துக்கு முன் காதலித்தது குற்றமில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்லும் விவாகரத்துக் காரணங்களிலும் அது கிடையாது. முந்தைய திருமணத்தையே மறைத்திருந்தால் மட்டும் விஷயம் வேறு; வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவின்படி, அதற்கு 7 ஆண்டுகள் வரை சிறை. மிரட்டல் கடிதத்தை வைத்து வந்தாலும் இது பொருந்தும். அந்தரங்கப் படத்தை அன்று நீங்கள் சம்மதித்தே எடுத்திருந்தாலும், உங்கள் சம்மதமில்லாமல் பரப்பினால் 77-வது பிரிவு பாயும்.

உடனே என்ன செய்யலாம்?

* பயத்தில் சாட்டை அழிக்காதீர்கள். மெசேஜ், நம்பர், தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீதும் சாட்சிதான். பிறகு பிளாக் செய்யுங்கள்.

* அக்கா, தம்பி, தோழி என நம்பகமான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

* பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்களின் ஆபாசப் படங்கள் குறித்துப் பெயர் சொல்லாமலேயே புகார் செய்யும் வசதி உண்டு.

* அந்தரங்கப் படம் என்றால் 'ஸ்டாப்என்சிஐஐ' தளம் உதவும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் பகிரப்படும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தடுக்கும்.

வீட்டுக்காரரிடம் சொல்வதா?

கஷ்டமான கேள்விதான். ஆனால், அந்த ஆளின் கையில் இருக்கும் ஆயுதம் போட்டோ இல்லை. வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற உங்கள் பயம். மூன்றாம் மனிதர் சொல்லி அவர் கேட்பதைவிட, நீங்களே சொல்வது நல்லது. நீண்ட விளக்கம் வேண்டாம். 'கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தரைப் பிடிச்சிருந்தது. அது அப்பவே முடிஞ்சுபோச்சு. இப்போ அந்த ஆள் மிரட்டுறான். நீங்க கூட இருக்கணும்.' இவ்வளவு போதும். கணவர் கைநீட்டுபவர் என்றால் மட்டும், முதலில் 181-ல் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கணவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'யார் அவன்? எத்தனை நாள் பழக்கம்?' என்ற விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 20 வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவர் இன்று உதவி கேட்டு நிற்கிறார். 'எவ்வளவு கொடுத்தே? வா, ஸ்டேஷனுக்குப் போலாம்' என்று கிளம்புங்கள்.

பிள்ளைகளே, போன் அடித்தாலே அம்மா முகம் மாறுகிறதா? போனைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். 'என்னன்னாலும் நான் இருக்கேன்மா' என்று பக்கத்தில் உட்காருங்கள். இந்தப் பக்கத்தை அவருக்கு ஃபார்வேர்டு செய்தாலும் சரிதான்.