சாவிக்கு முன் மண்ணைப் பாருங்கள்

லயத்துக் காம்பராவை விட்டு 7 பேர்ச் காணியில் தனிவீடு என்பது நம் மக்களின் நீண்டநாள் ஏக்கம். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கோ அது இன்னும் அவசரத் தேவை. அந்த ஆவலில் வீட்டைச் சரிவரப் பாராமலே கையொப்பமிட்டுச் சாவியை வாங்கிவிடுகிறோம். இது ஆபத்தானது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. ஆபத்து உண்டென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. சரியும் மண்ணில் எந்தச் சுவரும் நிற்காது. ஆகவே அக்கரப்பத்தனையிலோ வேறெங்கோ வீடு வாங்குவோரும் பெறுவோரும் முதலில் கேட்க வேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையையே.

அடுத்து, மழை நாளில் போய்ப் பாருங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் ஊற்று தென்படுகின்றனவா? வெட்டிய மேட்டுக்குத் தாங்குசுவரும், நீர் வடியக் கானும் உண்டா? கூரை ஒழுகுகிறதா? மலசலகூடக் குழி எங்கே? அனுபவமுள்ள மேசன் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். குறைகளை எழுதிக் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசமாகக் கிடைத்தாலும் பாதுகாப்பான வீடு நமது உரிமை. கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல. பிள்ளைகள் உறங்கப்போகும் கூரைக்கு நாம் செய்யும் கடமை.