தவணைக்குத் தடைக்காலம் இல்லை

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பல மீனவர் வீடுகளில் மூன்று, நான்கு குழுக்கடன் அட்டைகள். ஒன்றை அடைக்க இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகு கரையில் நிற்கும். வாரத் தவணை நிற்பதில்லை. அந்தக் கடன்களுக்கு வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல். 2018-19 மத்திய பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் அறிவிக்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டிலோ, ஒழுங்காகக் கட்டினால் 2 லட்சம் வரை 4 சதவீதம்தான். டீசல், ஐஸ், வலைச் செலவை இந்த ஒரே கார்டுக்கு மாற்றுங்கள்; கையில் மிஞ்சுவதைக் கொண்டு வட்டி கூடிய கடனை முதலில் அடையுங்கள். குழுக்கடன் போன்ற நுண்கடன்களில், குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. வங்கிகள் தடைக்காலத்துக்கு முன்பே மீன் இறங்குதளங்களில் முகாம் போட்டு கார்டு வழங்க வேண்டும். இது சலுகையல்ல, மீனவரின் உரிமை.