தற்காலிகமாக ஒரு ஷட்டர்

2007இல் சிகாகோவில், வாடகை பாக்கி விழுந்த ஒரு சேமிப்பு அறையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. பெட்டி பெட்டியாக நெகட்டிவ்கள். ஜான் மலூஃப் என்ற இளைஞர் அதில் ஒரு பெட்டியை நானூறு டாலருக்குள் வாங்கினார். படங்களை எடுத்தவர் விவியன் மேயர். பணக்கார வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். 2009இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைப் பெரிய புகைப்படக் கலைஞராகக் கொண்டாடியது.

அமெரிக்காவில் இப்படிச் சாமான் வைக்க அறையை வாடகைக்கு விடும் ‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. 2010இல் தொடங்கிய ‘ஸ்டோரேஜ் வார்ஸ்’ தொலைக்காட்சித் தொடரே இந்தப் புதையல் ஆசையில்தான் ஓடியது. நிஜத்தில் பெரும்பாலான ஷட்டர்களைத் தூக்கினால் பழைய சோபா, மெத்தை, யாரும் ஏறாத டிரெட்மில், பத்து வருடமாகப் பிரிக்காத அட்டைப்பெட்டி இவைதான் இருக்கும்.

இந்தத் தொழிலின் தொடக்கம் சுவாரசியமானது. 1972இல் கலிஃபோர்னியாவின் எல் கஹோன் ஊரில் வெய்ன் ஹியூஸும் கென்னத் வோல்க்கும் தொடங்கிய ‘பப்ளிக் ஸ்டோரேஜ்’ நிறுவனம், கிடங்குகளை நிரந்தரத் தொழிலாக நினைக்கவே இல்லை. நிலத்தின் விலை ஏறும்வரை வரி கட்டவாவது வருமானம் வரட்டும் என்று தகரக் கதவு அறைகளைக் கட்டிவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் நிலத்தைவிட அறை நன்றாகச் சம்பாதித்தது. இன்று அந்த நாட்டில் இப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வளாகங்கள் இருக்கின்றன.

வீடு சின்னதாகிவிட்டதால் வந்த தேவையா இது? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1973இல் புதிய தனி வீடு ஒன்றின் சராசரிப் பரப்பு 1,660 சதுர அடி. 2015இல் அது சுமார் 2,690. அதே காலத்தில் குடும்பங்கள் சுருங்கின. லாஸ் ஏஞ்சலஸில் 32 குடும்பங்களின் வீடுகளைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பொருள் விடாமல் ஆராய்ந்து 2012இல் புத்தகமாக வெளியிட்டார்கள். முக்கால்வாசி கராஜ்களில் கார் நிறுத்த இடமில்லை. கார் தெருவில் வெயில் காய, உள்ளே தட்டுமுட்டுச் சாமான்கள் நிழலில் இருந்தன.

சாவு, மணமுறிவு, இடமாற்றம், சின்ன வீட்டுக்குக் குடிபோவது என்று வாழ்க்கை இடம்பெயரும் நேரங்களை நம்பித்தான் இந்தத் தொழில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓர் அறை கிடைப்பது உதவிதான், மறுப்பதற்கில்லை. தாயை இழந்த மகள் மறுவாரமே புடவைகளைத் தரம் பிரிக்க வேண்டும் என்று யார் சொல்வது? வில்லங்கம் அதற்குப் பிறகு வருகிறது. முதல் மாத வாடகை ஒரு டாலர் என்று இழுப்பார்கள். பிறகு பழைய வாடிக்கையாளருக்கு வாடகையை ஏற்றிக்கொண்டே போவார்கள். லாரி பிடித்து, ஆள் வைத்துக் காலி செய்வதைவிட ஏறிய வாடகையைக் கட்டுவதே சுலபம் என்று அவர்களுக்குத் தெரியும். சோபாவின் விலையைப்போல இரண்டு மடங்கு கட்டிய பிறகும் சோபா உள்ளேயே இருக்கும்.

பெங்களூரிலும் சென்னையிலும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் வந்துவிட்டன. 2020 பொதுமுடக்கத்தில் வாடகை வீட்டைக் காலி செய்து ஊருக்குத் திரும்பிய ஐ.டி. ஊழியர்கள் பலர் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் இப்படித்தான் விட்டுப்போனார்கள். பரண் இல்லாத அடுக்குமாடி வீடுகள் பெருகப் பெருக இந்த வியாபாரமும் பெருகும். அதில் தவறு காண ஒன்றுமில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. வாடகையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு ஏற்றுவார்கள்? கரையான் அரித்தால், மழைத்தண்ணீர் புகுந்தால் யார் பொறுப்பு? பாக்கி விழுந்தால் எத்தனை நாள் அவகாசம் தந்து ஏலம் விடுவார்கள்? அமெரிக்காவில் இதற்கென்று மாநிலந்தோறும் சட்டங்கள் இருக்கின்றன. இங்கே வாடிக்கையாளர் கையில் இருக்கப்போவது அந்த ஒப்பந்தத் தாள்தான்.