எண்ணிக்கை தகுதியாகுமா? ஐசன்க்கின் மேற்கோள்களும் கிளார்க்கின் அடிக்குறிப்பும்

ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்ற இரு கணக்குகளே இன்று உயர்கல்வியில் 'தகுதி'யின் அளவுகோல்களாக நிற்கின்றன. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-குறியீடு இவ்விரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்கியது. ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது குறியீடு 20. இடஒதுக்கீட்டுக்கு எதிராகத் தகுதி என்னும் சொல் ஓயாது வீசப்படும் நாட்டில், இந்த எண் எதை அளக்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும். உளவியல் துறையின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றுகளைத் தருகிறது.

பிரிட்டனில் மருத்துவ உளவியலை ஒரு தொழில்துறையாக நிலைநிறுத்தியவர்களுள் ஹான்ஸ் ஐசன்க் (1916–1997) முதன்மையானவர். 20ஆம் நூற்றாண்டின் உளவியலாளர்களைத் தரவரிசைப்படுத்தி 2002இல் வெளிவந்த ஆய்வு, ஆய்விதழ்களில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டோரில் பிராய்டு, பியாஜே ஆகியோருக்கு அடுத்ததாக அவரை வைத்தது. கறுப்பின மக்களின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் குறைவாக இருப்பதற்கு மரபணுவே பெருங்காரணம் என்று 1971இல் நூலெழுதி வாதிட்டவரும் அவரே. பிறப்பே அறிவைத் தீர்மானிக்கிறது என்ற அந்த வாதம் நமக்குப் புதிதன்று.

புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் புகையைவிட ஆளுமையே காரணம் என்று கிராசார்த்-மாட்டிசெக்குடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரைகளின் கதி கவனிக்கத்தக்கது. ஐசன்க்கின் ஆய்வுகளுக்குப் புகையிலை நிறுவனங்களின் பணம் வந்திருந்தது. 1990களின் தொடக்கத்திலேயே இம்முடிவுகளின் நம்பகத்தன்மை குறித்து ஆய்வாளர்கள் எச்சரித்தனர். ஆயினும், இருவரும் இணைந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை கூறியது 2019இல்தான். அவற்றுள் பல பின்னர் திரும்பப் பெறப்பட்டன. இத்தனை ஆண்டுகளும் அவரது மேற்கோள் கணக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. ஒரு கருத்தை மறுத்து எழுதினாலும் அதுவும் ஒரு மேற்கோளே. ஏற்பையும் எதிர்ப்பையும் இக்கணக்கு பிரித்தறிவதில்லை.

மறுபக்கம் மேமி பிப்ஸ் கிளார்க். கறுப்பினக் குழந்தைகளின் தன்னுணர்வு குறித்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடே பின்னாளைய பொம்மைச் சோதனைகளுக்கு வித்து. நிறம் தவிர மற்றெல்லாம் ஒன்றான பொம்மைகளுள், பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்றனர். 1943இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்ற பின்னும் தக்க பணி அவருக்கு எளிதில் கிட்டவில்லை. 1946இல் கணவர் கென்னத்துடன் ஹார்லெமில் குழந்தைகளுக்கான உளவியல் மையத்தை நிறுவினார். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் செல்லாததாக்கிய பிரவுன் தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பு, கென்னத் கிளார்க்கின் அறிக்கையையே முதலில் சுட்டியது. அது குழந்தைகள் குறித்த மாநாட்டு ஒன்றுக்காக எழுதப்பட்டது, ஆய்விதழ்க் கட்டுரையன்று. மேமியின் பெயர் அங்கு இல்லை. ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்த மேற்கோளை எந்தக் குறியீடும் கணக்கிடாது.

இந்தியாவில் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் வழியாகப் பல்கலைக்கழக மானியக் குழு கட்டுரைகளைப் புள்ளிகளாக்கியது. விளைவு, பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் பெருகின. 2018இல் மட்டும் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து குழுவே நீக்க நேர்ந்தது. பணமும் தொடர்பும் உள்ளவருக்குப் புள்ளி எளிது. கற்பித்தல் சுமை மிகுந்த கல்லூரியில் பணியாற்றும் முதல் தலைமுறை ஆய்வாளருக்கு அது அரிது.

எனினும், எண்களைத் தூக்கியெறிந்து நேர்காணல் குழுவிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைப்பது தீர்வாகாது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் நஃபே குழு 2016இல், எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையிலான இடைவெளியில் பாகுபாட்டின் தடத்தைக் கண்டது. வாய்மொழித் தேர்வின் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. மூடிய அறையின் அகநிலை மதிப்பீடு நமக்கு இழைத்த அநீதி நாமறிந்ததே.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. விண்ணப்பதாரர் தேர்ந்தெடுத்துத் தரும் சில ஆக்கங்களைத் தேர்வுக்குழு படித்தே மதிப்பிட வேண்டும். அதற்கான காரணங்களை எழுத்தில் பதிந்து விண்ணப்பதாரருக்கு வழங்க வேண்டும். குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் இடம்பெறுவது வெறும் கையொப்பச் சடங்காக முடியக் கூடாது. மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. அடுத்த ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலை முடிக்குமுன், அதில் தலித் ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.