கைத்தொழில் கற்பிப்போர்க்கு மனநிறைவு உண்டா?

மதிப்பெண் மட்டுமே கல்வியன்று என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் ஊசியும் நூலும், அரமும் சுத்தியும் கொண்டு பாடம் சொல்லித் தருவோரைக் கல்விக்கூடத்தின் கடைசி வரிசையில் அல்லவா அமர்த்துகிறோம்! அவர்களுக்குப் பணியில் மனநிறைவு கிட்டுமா?

கிண்டித் தொழிற்பேட்டையையும், தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தோன்றிய ஏற்றுமதி மண்டலத்தையும், ஒரகடத்து மோட்டார் தொழிற்சாலைகளையும் எண்ணிப் பாருங்கள். இவை தேர்ந்த கைகளால் நடப்பவை. அக்கைகளுள் பலவற்றைப் பழக்கியவர்கள் தொழிற்கல்வி ஆசிரியர்களே.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பொறியாளர்களையும் கணக்காளர்களையும் ஆராய்ந்து 1959இல் ஒரு கருத்தை வெளியிட்டார். ஊதியமும் பணிப் பாதுகாப்பும் குறைந்தால் மனக்குறை பிறக்கும். ஆயினும் மனநிறைவைத் தருபவை வேலையில் காணும் வெற்றியும் அதற்குக் கிடைக்கும் பாராட்டுமே என்பது அவர் முடிவு.

இந்த அளவுகோலால் நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் வந்தது. அதில் பகுதிநேரமாகச் சேர்ந்த ஆசிரியர்கள் பலர் நிரந்தரமாகப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். 2012இல் தையல், ஓவியம், கணினி, உடற்கல்வி போன்றவற்றைக் கற்பிக்க அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். வாரத்திற்கு மூன்று அரை நாள் வேலை. மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். அது 10,000 ஆக உயர 2021 வரை ஆயிற்று.

“ஆசிரியப் பணி அறப்பணி, ஊதியம் பெரிதா?” என்பாரும் உளர். அறப்பணி செய்கிறார் என்பதற்காகக் கடைக்காரர் அரிசி விலையைக் குறைப்பதில்லையே!

2023இல் தமிழக அரசு, தொழிற்பயிற்சி நிலையங்களை நவீன எந்திரங்களோடு புதுப்பிக்கும் திட்டத்தை ஒரகடத்தில் தொடங்கிவைத்தது. மகிழ்ச்சியே! எந்திரத்திற்குச் செலவிடும் அக்கறை, அதனருகே நின்று கற்பிப்பவருக்கும் வேண்டும்.

ஊதியத்தை அரசும் நிர்வாகமும் திருத்தட்டும். பாராட்டு நம் கையில் இருக்கிறது. தேர்வு நெருங்கியதும் தையல் வகுப்பை வேறு பாடத்திற்குக் கேட்பது ஏன்? “படிப்பு வராதவர்களுக்குத்தான் தொழிற்பிரிவு” என்று வீட்டில் சொல்வது ஏன்? அச்சொல் மாணவியை மட்டுமா தாழ்த்துகிறது? அவள் ஆசிரியையின் வாழ்நாள் உழைப்பையும் தாழ்த்துகிறது.

பெற்றோரே, ஆசிரியரைக் காண வரும் நாளில் தையல் ஆசிரியையிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். தோழியரே, கற்றுக்கொண்டு தைத்த முதல் சட்டையை அவரிடம் காட்டுங்கள். எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாத ஊதியம் அது. அதை அளிப்பதில் நாம் கஞ்சராக இருக்க வேண்டாம்.