தூக்கினார் சரி... எடை போட்டது யார்?

‘‘அந்தக் காலத்து மனுஷங்க உடம்பே வேற சார்! ஒத்தை ஆளா பத்து மணங்கு கல்லைத் தூக்கி, தோளுக்குப் பின்னால போடுவாங்க. இப்ப இருக்கற பசங்களால ஒரு குடம் தண்ணி தூக்க முடியுதா?’’

இந்த வசனம் ஒலிக்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? கல்யாணப் பந்தியில், டீக்கடை பெஞ்சில், ரயில் பயணத்தில் என்று எங்கேயும் கேட்கலாம். கூடவே, மார்பின் மேல் யானையை ஏற்றிக்கொண்ட ராமமூர்த்தியும், ஆயிரத்து இருநூறு கிலோ பாறையைத் தூக்கிய காமா பயில்வானும் தவறாமல் வந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் நம்பலாமா, கூடாதா? பெரியவர்கள், ‘அத்தனையும் சத்தியம்’ என்கிறார்கள். பிள்ளைகள், ‘அத்தனையும் கப்ஸா’ என்கிறார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எடை போட்டுப் பார்த்தால் போதும் என்கிற மூன்றாவது கட்சி!

எங்கள் ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. இங்கே நெசவாளிக்குப் பாவும் ஊடையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஜரிகை மார்க் கணக்கில் வரும். நெய்து முடித்த புடவை மறுபடி தராசில் ஏறும். அது மட்டுமில்லை. கச்சாப் பட்டின் மேல் ஒருவிதப் பசை இருக்கும். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதை எடுத்துவிடுவார்கள். அப்போது எடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துபோகும். ‘ஐயோ, பட்டு போச்சே’ என்று யாரும் அழுவதில்லை. போனது பசை, மிஞ்சியதுதான் பட்டு. அந்தப் பளபளப்பே பசை போன பிறகுதான் வரும்!

பழைய பயில்வான் கதைகளையும் இப்படி ஒருமுறை வேகவைத்துப் பார்ப்போமா?

மணங்கு செய்த மாயம்

முதலில் போகவேண்டிய பசை, எடைக் குழப்பம். ‘பத்து மணங்கு’ என்கிறார்களே, எந்த ஊர் மணங்கு? பழைய சென்னை மாகாணக் கணக்கில் எட்டு வீசை ஒரு மணங்கு. அதாவது 25 பவுண்டு, சுமார் 11 கிலோ 300 கிராம். வங்காளத்து மணங்கு என்றால் 82 பவுண்டுக்கு மேல், சுமார் 37 கிலோ! நம் ஊர்க் கணக்கில் பத்து மணங்குக் கல் 113 கிலோ. அதே கல் வடக்கத்திக் கணக்கில் 373 கிலோ ஆகிவிடும். கல் வளரவில்லை. தூக்கினவரும் பொய் சொல்லவில்லை. அளவு மாறியது, அவ்வளவுதான். மெட்ரிக் எடைகள் நம் நாட்டில் 1958-ல்தான் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. அதற்கு முந்திய கதை எதுவானாலும், ‘எந்த ஊர் எடை?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

தூக்குவது என்றால் என்ன?

இரண்டாவது பசை, ‘தூக்கினார்’ என்கிற வார்த்தை. தரையிலிருந்து ஒரு விரற்கடை கிளப்புவதும் தூக்குவதுதான். இடுப்பு வரை எடுப்பதும், தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவதும் தூக்குவதுதான். ஆனால் மூன்றும் ஒன்றா?

அமெரிக்காவின் பால் ஆண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியவர். கடைசி முயற்சியில் அவர் தலைக்கு மேல் ஏற்றியது 187.5 கிலோ. நடுவர்கள் பார்த்தார்கள், தராசு சாட்சி சொன்னது. அடுத்த வருஷம், 1957-ல், தன் சொந்த ஊரில் அவர் 6,270 பவுண்டு, அதாவது சுமார் 2,844 கிலோ தூக்கினார் என்று ஒரு செய்தி பரவியது. ஒரே வருஷத்தில் பதினைந்து மடங்கா? விஷயம் என்னவென்றால், இரண்டாவது வகையில் பாரம் ஏற்றிய மேடைக்கு அடியில் குனிந்து நின்று, முதுகால் அதை லேசாக நெம்ப வேண்டும். சில அங்குலம் எழும்பினால் போதும். கின்னஸ் புத்தகம் பல வருஷம் அதை வெளியிட்டது. பிறகு, சரியான ஆதாரம் இல்லையென்று எடுத்துவிட்டது. அதனால் ஆண்டர்சனின் பலம் குறைந்துவிட்டதா? ஒலிம்பிக் தங்கம் அப்படியேதானே இருக்கிறது!

மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருக்கும் மேடையிலேயே இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. ஒலிம்பிக்கில் ‘பிரஸ்’ என்று ஒரு முறை இருந்தது. பளுவை மார்பிலிருந்து கை பலத்தால் மட்டும் மேலே தள்ள வேண்டும். வீரர்கள் உடம்பைப் பின்னால் வளைத்து வளைத்துத் தள்ளத் தொடங்க, எது சரி, எது தப்பு என்று நடுவர்களுக்கே பிடிபடவில்லை. கடைசியில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அதற்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். மேடையிலேயே இந்தக் கதி என்றால், சந்தைத் திடலில் நடந்த வித்தையை யார் நிதானித்திருப்பார்கள்?

இனி ராமமூர்த்தி. கோடி ராமமூர்த்தி நாயுடு ஆந்திராவின் வீரகட்டத்தில் 1882-ல் பிறந்தவர். நம்ம சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சி பெற்றவர். பிறகு சொந்தமாக சர்க்கஸ் கம்பெனி நடத்தினார். ‘கலியுக பீமன்’ என்று ஊர் கொண்டாடியது. யானை அவர் மேல் ஏறியது பொய்யில்லை. ஆனால் அது தூக்குவது இல்லை, தாங்குவது. யானை கால் வைத்தது பலகையின் மேல். பலகை பாரத்தை மார்பு முழுக்கப் பரப்புகிறது. பலகையின் முனை தரையைத் தொட்டிருந்தால் தரையும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. மூச்சை இழுத்து நிறுத்திய மார்பு காற்றடைத்த பந்து போல் விறைத்து நிற்கிறது. இதெல்லாம் அசாத்தியமான பயிற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று நாலு டன் யானையைக் ‘கையால் தூக்கினார்’ என்று கதை திரிகிற இடத்தில்தான் பசை சேர்கிறது.

பரோடா கல்

எல்லாவற்றையும்விடப் பெரிய கல், பரோடா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1902 டிசம்பரில் காமா பயில்வான் அதைத் தூக்கினார் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். எடை 1,200 கிலோ என்கிறார்கள். மார்பு வரை தூக்கிக்கொண்டு சில அடிகள் நடந்தார் என்பது கதை.

இதற்குப் பக்கத்தில் சில கணக்குகளை வைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து தொடை வரை இழுத்து நிமிர்வதில், 500 கிலோவை முதன்முதலாகத் தொட்டவர் இங்கிலாந்தின் எட்டி ஹால், 2016-ல். அதைச் செய்து முடித்ததும் மூக்கில் ரத்தம் வழிய மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு அந்த எல்லை சில கிலோக்கள்தான் நகர்ந்திருக்கிறது. உருண்டைக் கல்லை எடுத்து உயரத் தடுப்பின் மேல் வைப்பதில் 2020-ல் ஸ்காட்லாந்தின் டாம் ஸ்டோல்ட்மேன் தூக்கியது 286 கிலோ. ஆறடி எட்டு அங்குல ஆள்! காமாவின் கல் அதைப் போல நாலு மடங்குக்கும் மேல். நூறு வருஷத்தில் மனித எலும்பும் தசையும் அப்படியா மாறிவிடும்? காமா அந்தக் கல்லைச் சாய்த்திருக்கலாம், புரட்டியிருக்கலாம், ஒரு முனையைக் கிளப்பியிருக்கலாம். முழுசாகத் தூக்கி நடந்திருப்பார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். காமாவுக்கு அந்தக் கல் தேவையே இல்லை! 1910-ல் லண்டன் போய், உலகப் புகழ்பெற்ற போலந்து மல்லன் ஸிபிஸ்கோவை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடக்கவைத்தவர் அவர். அன்று சமன். மறு குஸ்திக்கு ஸிபிஸ்கோ வரவே இல்லை. 1928-ல் பாட்டியாலாவில் அதே ஸிபிஸ்கோவை ஒரு நிமிஷத்துக்குள் சாய்த்தார். கூட்டம் கண்ணால் பார்த்த வெற்றி. பட்டு இதுதான்.

மிஞ்சுகிற பட்டு

தெற்கே இளவட்டக்கல் இருக்கிறது. அதைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண் என்று சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்குப் போட்டியே நடக்கிறது. 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை கற்கள். ‘இவ்வளவுதானா?’ என்று உதடு பிதுக்காதீர்கள். வழவழவென்று, பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லாத உருண்டையை முழங்காலில் ஏற்றி, மார்போடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோவது லேசான காரியமா? 129 கிலோ உண்மை, 400 கிலோ பொய்யைவிடப் பெரிசு.

ஆரணிக்குப் பக்கத்திலேயே வேலூர் சத்துவாச்சாரி. அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஒரே வீச்சில் தலைக்கு மேல் 149 கிலோ. இரண்டு கட்டமாக 179 கிலோ. மொத்தம் 328. நாலு வருஷம் கழித்து கோல்டுகோஸ்ட்டில் மறுபடி தங்கம். அதைவிட ஆச்சரியம் மணிப்பூர் பெண் மீராபாய் சானு. 49 கிலோ பிரிவு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தி வெள்ளி வாங்கினார். தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! போட்டிக்கு முன்னால் ஆளையே எடை போடுகிறார்கள். வட்டுகளின் எடையை நிறமே சொல்லும்: சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. முழங்கை மடங்காமல் நிற்கவேண்டும். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குப் போட வேண்டும். இவ்வளவு கெடுபிடியில் செய்ததை நாம் மறந்துவிடுகிறோம். சாட்சியே இல்லாத 1,200 கிலோவை மட்டும் பேரனுக்குச் சொல்கிறோம். இது நியாயமா?

நம் வீட்டுக்கு என்ன வந்தது?

‘கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று கேட்பீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆரணியில் பட்டுக்கு அடுத்தபடியாகப் பேர் வாங்கியது அரிசி ஆலைகள். 75 கிலோ நெல் மூட்டையை முதுகில் ஏற்றிப் பலகை மேல் ஓடுகிற தொழிலாளியைப் பார்த்து, ‘அந்தக் காலத்து உடம்பு, ஒண்ணும் ஆகாது’ என்கிறோம். ஒரு ஆண் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே சொல்லிவிட்டது. அந்த முதுகின் வலியை யாரும் கதையாகச் சொல்வதில்லை. தூக்கி ஜெயித்தவன் ஊருக்குள் கதையானான். தூக்கும்போது குடல் இறங்கியவனும், இடுப்பு பிடித்துப் படுத்தவனும் பேரில்லாமலே போனார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். ‘உன் வயசுல தாத்தா...’ என்று பையனைக் குத்திக்காட்டுகிறோம். அவன் ரோஷத்தோடு ஜிம்முக்குப் போய், முதல் வாரமே மிஞ்சின பளுவைத் தூக்கி டிஸ்க் நகர்ந்து படுக்கிறான். இல்லாவிட்டால் யாரோ கொடுக்கிற ஸ்டீராய்டு ஊசியில் போய் விழுகிறான். கல்லீரல், இதயம், ஆண்மை மூன்றுக்கும் அது உலை வைக்கும். தாத்தாவின் பலத்துக்குக் காரணம் மாயம் இல்லை. தினமும் ஏற்றம் இறைத்தார், மூட்டை சுமந்தார், மைல் கணக்கில் நடந்தார். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. ராமமூர்த்தியும் காமாவும் சின்ன வயசிலிருந்தே நாள் தவறாமல் பயிற்சி செய்தவர்கள்தான். கதையில் இந்தப் பகுதியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்!

எனவே, பயில்வான் கதையைக் கேட்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். எடை எவ்வளவு, எந்த அளவில்? எங்கிருந்து எங்கே தூக்கினார்? எடை போட்டது யார்? அதற்கு எத்தனை வருஷம் பழகினார்? நாலாவது கேள்விதான் பிள்ளைகளுக்கு உதவும்.

வீட்டில் இருக்கும் பளுவையும் கவனியுங்கள். நிறைந்த சமையல் காஸ் சிலிண்டர், உருளையோடு சேர்த்து 30 கிலோவை நெருங்கும். இடுப்பை வளைத்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்து, காலால் எழுந்திருங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருகாதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பளு தூக்கவே கூடாது. அழுத்தம் சட்டென்று எகிறிவிடும். தறியில் மணிக்கணக்காக உட்காருகிறவர்கள் அடிக்கடி எழுந்து நடந்து, முதுகை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். ஜிம்முக்குப் போகும் பிள்ளை முதல் மாதம் வெறும் கம்பியோடு முறையைக் கற்றுக்கொள்ளட்டும். பளு மெதுவாக ஏறட்டும். பெண் பிள்ளையும் தாராளமாகப் போகட்டும்.

பையன் இன்றைக்கு 20 கிலோ தூக்கினானா? நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்கு 40 ஆகியிருந்தால் தட்டிக்கொடுங்கள். நாளைக்கு அவன் தன் பேரனுக்குச் சொல்லும் கதைக்கு அந்த நோட்டே சாட்சி!