சோதனைக்கூடம் சொல்வதும் சொல்லாததும்



என்னிடம் படித்த ஒருவர் போன வாரம் போனில் பேசினார். மகள் ஓட்டத்தில் நன்றாக வருகிறாள், விளையாட்டு விடுதியில் சேர்க்கப் போகிறாராம். "சார், தெரியாம எதையாவது சாப்பிட்டுட்டாலும் அந்த டெஸ்ட்ல மாட்டிக்குவாங்களா?" என்று கேட்டார். மாட்டிக்குவாங்க என்றேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. பெரணமல்லூரிலும் சுற்று ஊர்களிலும் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிற எல்லோருக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வேதியியல் வாத்தியாரிடம் கேட்டால் அப்படித்தான்.

திருச்சி பக்கம் முடிகண்டம் கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி, 800 மீட்டரில் தங்கம். நேரம் 2 நிமிடம் 2.70 விநாடி. தமிழ்நாடே கொண்டாடியது. ஒரு மாதத்துக்குள் நாண்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 2020இல் 4 ஆண்டுத் தடை, பதக்கமும் போயிற்று. தடை செய்த மருந்து எதையும் தான் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார்.

அந்தத் தடயத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஓட்டம் முடிந்ததும் அதிகாரியின் கண் முன்னால் சிறுநீர் கொடுக்க வேண்டும், குறைந்தது 90 மில்லி. அதை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து முத்திரை வைப்பார்கள். பாட்டிலில் எண் மட்டும்தான், பெயர் இருக்காது. ஏ பாட்டிலில் தடயம் கிடைத்தால், வீரர் கேட்டுக்கொண்டால் அவர் முன்னாலேயே பி பாட்டிலைத் திறந்து பார்க்கலாம்.

உடம்புக்குள் போன நாண்ட்ரலோனைக் கல்லீரல் உருமாற்றி, வேறொரு அமிலத்தோடு ஒட்டிச் சிறுநீரில் தள்ளுகிறது. சோதனைக்கூடம் தேடுவது அந்த எச்சத்தைத்தான். முதலில் ஒரு நொதியைச் சேர்த்து அந்த ஒட்டை வெட்டுவார்கள். பிறகு ஆவியாக்கி, பல மீட்டர் நீளமுள்ள, மிக மெல்லிய குழாயில் ஓட விடுவார்கள். வடிதாளில் கறுப்பு மைப் பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தினோமே, நீலம் தனியாக, சிவப்பு தனியாக மேலே ஏறியதே, அதே வேலைதான். ஒவ்வொரு பொருளும் குழாயை விட்டு ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வந்ததை எலக்ட்ரானால் அடித்து உடைத்துத் துண்டுகளின் எடையைப் பார்ப்பார்கள். கீழே விழுந்த தட்டு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி உடையும். மூலக்கூறு அப்படி இல்லை, ஒரே நிலைமையில் ஒரே மாதிரிதான் உடையும். அந்த உடைசல்தான் அதன் கைரேகை.

எச்சத்தின் அளவு மில்லி லிட்டருக்கு 2 நானோகிராமைத் தாண்டினால் சந்தேகம் என்பது முன்பு இருந்த வரம்பு. 10,000 லிட்டர் டேங்கர் லாரித் தண்ணீரில் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

இந்த எச்சம் மனித உடம்பில் இயற்கையாகவும் துளியளவு இருக்கக்கூடும். அதனால் அளவு குறைவாக இருந்தால் கார்பனைப் பார்ப்பார்கள். ஆலையில் செய்யும் ஸ்டீராய்டுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் சோயா மாதிரித் தாவரங்கள். அதில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் நம் உடம்பில் உருவாவதைவிடக் குறைவு. பட்டையும் செயற்கை இழையையும் பார்த்துப் பிரிக்க முடியாவிட்டால் நம்ம ஊரில் ஒரு நூலைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்போம் இல்லையா, முடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு என்று? அது மாதிரி.

இந்த அறிவியலில் எனக்குக் குறை இல்லை. நல்லதும் செய்திருக்கிறது. 2018 ஆசிய விளையாட்டில் 4x400 கலப்பு ஓட்டத்தில் நமக்கு வெள்ளிதான். பஹ்ரைன் அணியின் கெமி அடெகோயா சிக்கிய பிறகு அது தங்கமாயிற்று. நம் லால்குடி ஆரோக்கிய ராஜீவ் ஓடிய ஓட்டம் அது.

என் குறை வேறு. பாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லும். யார் கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று சொல்லாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது, இதுதான் உலகம் முழுக்க விதி. மருந்து கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பயிற்சியாளரின் சிறுநீரில் ஒன்றும் இருக்காதே! அவரைப் பிடிக்க விசாரணை வேண்டும், கடையைத் தேடிப் போக வேண்டும். 2024இல் இந்தியாவில் சோதித்த 7,113 மாதிரிகளில் 260இல் தடை மருந்து. இத்தனை பேரும் தாங்களாகவே மருந்துக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியவர்களா? நான் நம்பவில்லை.

இன்னொன்று. கோமதியின் முதல் மாதிரியை எடுத்தது தோஹாவில் அல்ல, பாட்டியாலாவில், மார்ச் 18 அன்று. தோஹா இறுதி ஓட்டத்துக்கு 35 நாள் முன்பு. அந்த முடிவு அன்றைக்கே கைக்கு வந்து நிறுத்தியிருந்தால் அந்தப் பெண் உலகத்தின் முன்னால் பதக்கம் வாங்கி, பிறகு பறிகொடுத்திருக்க வேண்டாம். அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி சோதனைக்கூடத்தின் அங்கீகாரத்தையே உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை நிறுத்தி வைத்தது. திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில். ஓடுகிறவரிடம் துளி தவறையும் பொறுக்காதவர்கள் தங்கள் வேலையிலும் அந்தக் கண்டிப்பைக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

பெற்றோர் கவனத்துக்கு: ஜிம்மில் தரும் பவுடர் டப்பா வேண்டாம், லேபிளில் இல்லாததும் உள்ளே இருக்கலாம். களைப்பு என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுகிறோமே, அதுகூடக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சை தவிர, 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது தடை. டாக்டரிடம் போனால் பிள்ளை போட்டிகளில் ஓடுகிறாள் என்று முதலிலேயே சொல்லுங்கள். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பயிற்சியாளர் "விட்டமின் ஊசிதாம்மா" என்றால் மருந்துச் சீட்டையும் பாட்டிலையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். கேட்டதற்காகப் பிள்ளையை அணியிலிருந்து எடுத்தால் எடுக்கட்டும், வேறு பயிற்சியாளரைப் பார்த்துக்கொள்ளலாம்.